எனக்காகத் தூங்குகிறவள்

எனக்குக் கொட்டாவி வந்து ஐந்து வருஷம் ஆகிறது. பெருமைக்குச் சொல்லவில்லை. "ராத்திரி பூராத் தூக்கமே இல்ல" என்று யாராவது காலையில் என் முன்னால் வந்து புலம்பினால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். தூக்கம் இல்லாமல் இருப்பதைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும்? சரி, என் கோபம் கிடக்கட்டும். கோமதியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நெய்தல்முனை ராணுவ அகாடமியில் நாங்கள் சேர்ந்த முதல் வாரமே எல்லோரையும் இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். ஆளுக்கொரு ஊசி போட்டு, காதுக்குப் பின்னால் மிளகளவு ஒரு மின்சில்லை வைத்துத் தைத்தார்கள். கோப்புகளில் அதன் பெயர் துயில் இணைப்பு. நாங்கள் சொன்னது ஜோடித் தூக்கம். ஜோடியில் ஒருத்தி தூங்கினால் போதும், இரண்டு மூளைக்கும் ஓய்வு கிடைத்துவிடும். நடுவில் எத்தனை மைல் இருந்தாலும் கிடைக்கும். எல்லையில் ஒருத்தி காவல் நிற்க, இன்னொருத்தி எங்கோ கூடாரத்தில் குறட்டை விடலாம். நின்றவள் காலையில் எட்டு மணிநேரம் தூங்கி எழுந்தவள்போல் இருப்பாள். முறை வைத்து மாறி மாறித் தூங்க வேண்டும் என்பது விதி.

எனக்கு ஜோடியாக வந்தவள் சங்கரன்கோவில் கோமதி. நான் கோபிச்செட்டிபாளையம் தமயந்தி. "ஏட்டி, உன் பேரச் சொல்லி முடிக்கதுக்குள்ள எனக்குப் பசிச்சிரும்போல" என்பதுதான் அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். அவள் வீட்டில் எட்டு விசைத்தறி. அந்தச் சத்தத்துக்குள்ளேயே தொட்டில் கட்டி வளர்த்த பிள்ளை என்பதால் எங்கே போட்டாலும் தூங்கிவிடுவாள். நானோ சின்ன வயதிலிருந்தே கோழித் தூக்கக்காரி. ஆகவே முதல் மாதமே எங்களுக்குள் ஓர் ஏற்பாடு வந்துவிட்டது. அவள் தூங்குவாள். நான் இரண்டு பேருக்கும் சேர்த்துக் குறிப்பெடுப்பேன், இரண்டு ஜோடி பூட்ஸுக்கும் பாலிஷ் போடுவேன். விதி மீறல்தான். பரீட்சை நெருங்கினால் விடுதி முழுக்க "இன்னிக்கு யாரு தூங்கறது?" என்பதுதானே பேச்சு. அதிகாரிகளுக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டார்கள்.

அகாடமியில் இன்னொரு வழக்கம் உண்டு. ஓட்டத்தில் முதலில் வருகிறவள் முடிவுக் கோட்டைத் தாண்டக் கூடாது. திரும்பி ஓடிப் போய், ஜோடி எங்கே மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறாளோ அங்கே அவளோடு சேர்ந்து, இருவருமாக வந்துதான் தாண்ட வேண்டும். மூன்று வருஷம் அப்படி ஓடினோம். ஜோடியை விட்டுவிட்டு எதையும் செய்யக் கூடாது என்பது எலும்பில் ஏறிவிட்டது. பின்னால் நடந்த விசாரணையில் நான் வாயைத் திறந்ததற்கு அதுதான் காரணம் என்று ரொம்ப நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசி வருஷம், கடைசிப் பயிற்சி. மலையில் ஆறு நாள் முகாம். அதில் முதலாவதாக வருகிறவளுக்குத் தங்கப் பதக்கம், கேட்ட இடத்தில் பணி. அதற்கு ஒரு வாரம் முன்பு கோமதி கயிறு ஏறும்போது விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். அவளை மருத்துவமனையில் போட்டுவிட்டு என்னை மட்டும் முகாமுக்கு அனுப்பினார்கள்.

கிளம்பும் முன் அவளைப் பார்க்கப் போனேன்.

"வலி எப்படி இருக்குது?"

"கண்ண மூட விட மாட்டேங்கு. ஆஸ்பத்திரி மாத்திரை போட்டா உறங்கிருவேன். ஆனா அந்த உறக்கம் உனக்கு ஏறாதுன்னு டாக்டரம்மா சொல்லுதாவ. ஆளுதான் கெடக்குமாம், மூளைக்கு ஓய்வு கெடையாதாம்."

"நான் இந்த ஆறு நாளும் முழிச்சிருக்கோணும் கோமு. எப்படியாச்சும் தூங்கிரு."

"எப்படிட்டி?"

"என்னத்தையாச்சும் போடு" என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். என்னத்தையாச்சும். இப்போது அந்த வார்த்தையை யாராவது சாதாரணமாகச் சொன்னால்கூட எழுந்து போய்விடுவேன்.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் ஒரு பாறைமேல் நின்று வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் எரிந்தது, எண்கள் இரட்டையாகத் தெரிந்தன. திடீரென்று ஓய்வு வந்து இறங்கியது. காய்ச்சல் விட்டபின் வேர்த்துக் குளிருமே, அந்த மாதிரி. மூன்று வருஷத்தில் அப்படியொரு தூக்கத்தை நான் அறிந்ததில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இது பஞ்சு.

பஞ்சு என்பது துறைமுகப் பக்கம் திருட்டுத்தனமாக விற்கிற ஒரு மாத்திரை. போட்டால் கிணற்றில் கல் விழுந்தமாதிரி தூங்கலாம். அந்த வருஷம் மட்டும் ஊருக்குள் இரண்டு பையன்கள் தூங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை. என் இடுப்பில் வயர்லெஸ் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தி, "கோமதியைப் போய்ப் பாருங்கள்" என்று சொல்லியிருக்கலாம். நான் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு நடந்தேன். ஆறாம் நாள் தங்கப் பதக்கம் எனக்கு என்றார்கள்.

நான் இறங்கி வருவதற்குள் கோமதியின் ரத்தப் பரிசோதனை முடிந்து, அவளைக் காவல் அறைக்கு மாற்றியிருந்தார்கள்.

விதி முப்பத்தொன்று எங்களுக்கு மனப்பாடம். போதை மருந்தோடு பிடிபட்டால் பணிநீக்கம். அணிவகுப்பு மைதானத்தில் எல்லோர் முன்னாலும் சட்டைப் பொத்தான்களை அறுப்பார்கள். பெயர் அறிவிப்புப் பலகையில் ஒரு மாதம் தொங்கும். பத்து வருஷத்துக்கு அரசு வேலை கிடையாது. முந்தின வருஷம் கஞ்சாவோடு பிடிபட்ட இரண்டு பையன்கள் அறுந்த சட்டையோடு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மத்தியானப் பேருந்தில் ஏறிப் போனதை நாங்கள் எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்தோம்.

விசாரணைக்கு முன் காவல் அறையில் பத்து நிமிஷம் பேச அனுமதித்தார்கள். ஒரு கட்டில், ஒரு வாளி, கையெட்டாத உயரத்தில் ஒரு ஜன்னல். கோமதி கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"பதக்கம் கிடைச்சிட்டா?"

"அதப் போய்க் கேக்கறே பாரு. யாருடி குடுத்தா மாத்திரைய?"

"துணி வெளுக்கப் போடுத வண்டியில வந்த ஆளு. வுடு. நீ ஒரு காரியம் செய்யி. உள்ள போயி வாயத் தொறக்காத. கேட்டா தெரியாதுன்னு சொல்லு. என்னைய அந்தப் பயலுவ மாரி பஸ் ஏத்தி விட்டுருவாவ. போயிருதேன்."

"ஊர்ல கேவலமாப் பேசுவாங்களேடி."

"நாலு நாளு பேசுவாவ. அப்புறம் தறிச் சத்தத்துல யாருக்குக் கேக்கப் போகுது? எங்கம்மைக்கும் ஒத்தையில எட்டுத் தறி பாக்க முடியல." சிரித்தாள். "எனக்கு வீட்டுக்குப் போணும்போல இருக்குட்டி. நெசமாத்தான்."

சரி என்றேன்.

விசாரணை அறையில் ஒழுங்குக் குழுத் தலைவர் கர்னல் திருவேங்கடம், பக்கத்தில் மருத்துவ அதிகாரி மேஜர் பத்மாசனி. நாங்கள் இருவரும் எதிரே நின்றோம். கோமதி ஊன்றுகோலில் சாய்ந்திருந்தாள்.

"எதுக்காக மாத்திரை போட்டே?" என்றார் கர்னல்.

"வலி தாங்கல சார்."

"வேற யாராவது சொல்லிப் போட்டியா?"

"இல்ல சார்."

கர்னல் என் பக்கம் திரும்பினார். "கேடட் தமயந்தி, உனக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியாதுங்க சார்" என்றேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

"அப்ப விஷயம் முடிஞ்சது. விதி முப்பத்தொன்று, பணிநீக்கம். நாளைக் காலையில அணிவகுப்புல பொத்தான் அறுத்துடலாம்." பேனாவை எடுத்தவர், டாக்டரைப் பார்த்தார். "இணைப்பைத் துண்டிக்க எத்தனை நேரம் ஆகும்?"

"பத்து நிமிஷம் போதும் சார். ஆனா இந்தப் பொண்ணு தமயந்தி விஷயம் ஒண்ணு இருக்கு. இவங்க முறை வச்சுத் தூங்கினதே இல்லைன்னு பதிவு சொல்லுது. மூணு வருஷமா கோமதிதான் தூங்கியிருக்கா. இவ மூளைக்குத் தனியாத் தூங்கற பழக்கமே விட்டுப்போச்சு. துண்டிச்சா இவளுக்குத் தூக்கம் வராது. திரும்ப வர்றதுக்கு ஆறு மாசம் ஆகலாம், வராமலும் போகலாம்."

"இருபதாம் தேதி இவ அதிகாரியாப் பொறுப்பேற்கணுமே?"

"உடல் தகுதி இல்லாம எப்படி சார்? இவளையும் வீட்டுக்குத்தான் அனுப்பணும்."

"சார், நான் ஒண்ணு சொல்லோணுங்க" என்றேன்.

"ஏட்டி, வேண்டாம்" என்று கோமதி மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது.

நான் கொட்டித் தீர்த்துவிட்டேன். மாத்திரை போடச் சொன்னது நான்தான், மூன்றாம் நாளே எனக்குத் தெரியும், அவள் எனக்காகத்தான் போட்டாள், எல்லாம். "ஜோடியா வந்தோமுங்க சார். அனுப்பறதுன்னா ரெண்டு பேரையும் அனுப்புங்க. வெச்சுக்கறதுன்னா ரெண்டு பேரையும் வெச்சுக்குங்க."

கர்னல் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஆறு நாள்ல நீ எத்தனை மணிநேரம் தூங்கினே?"

"ஒரு மணிநேரங்கூட இல்லீங்க சார்."

"துப்பாக்கிச் சுடுதல்ல எத்தனை தப்பு?"

"ஒண்ணுமில்லீங்க."

டாக்டர் காகிதங்களைப் புரட்டினார். "உண்மைதான் சார். அஞ்சாம் நாள் பதிவு முதல் நாளைவிட நல்லா இருக்கு. நம்மகிட்ட இருக்கற எந்த மாத்திரையிலும் இப்படி வந்ததில்ல."

காற்று என் பக்கம் வீசுகிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. அவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன், கேட்காததற்கும் சொன்னேன். எத்தனை கல் தொலைவு நடந்தேன், எத்தனை பேரைத் தோளில் தாங்கி இறக்கினேன் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன். கடைசியாக இதையும் சொன்னேன்: "கோமதி தூங்கினாப் போதுங்க சார். நான் எத்தனை நாள் வேணும்னாலும் நிப்பேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெடவில்லை. என் வாயால் கெட்டது கோமதி.

அரைமணி நேரம் எங்களை வெளியே நிற்க வைத்தார்கள். தாழ்வாரத்தில் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி, ஒண்ணும் பேச மாட்டேங்கறே?"

"பேசதுக்கு என்ன இருக்கு? அதான் நீ பேசிட்டியே."

திரும்ப உள்ளே அழைத்தபோது கர்னல் நின்றுகொண்டு தீர்ப்பை வாசித்தார். "கோமதிக்குப் பணிநீக்கம் இல்லை" என்பது முதல் வரி. நான் சந்தோஷத்தில் கோமதியின் கையைப் பிடித்தேன்.

கர்னல் மேலே வாசித்தார். கேடட் பட்டியலிலிருந்து பெயர் நீக்கம். சேரும்போது கையெழுத்திட்ட ஐந்தாண்டுப் பணி உறுதிமொழி மட்டும் நீடிக்கும். அந்தக் காலத்தில் அகாடமி மருத்துவமனையில் ஓய்வுத் துணையாகப் பணி. நாளுக்கு இருபது மணிநேர உறக்கம். மருந்து, மருத்துவர் மேற்பார்வையில் வழங்கப்படும். ஐந்தாண்டு முடிவில், இணைக்கப்பட்ட அதிகாரி தேவை என்று எழுதிக் கொடுத்தால் மேலும் ஐந்தாண்டு.

"என்ன மருந்துங்க சார்?" என்றேன்.

"அதே மருந்துதான்" என்றார் டாக்டர், காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல். "அவளா வாங்கிப் போட்டாத்தான் குற்றம். நாங்க குடுத்தா சிகிச்சை. அளவு பாத்துக் குடுப்போம், உயிருக்கு ஒண்ணும் ஆகாது."

கோமதி ஊன்றுகோலை விட்டுவிட்டு ஒற்றைக்காலில் நின்று கும்பிட்டாள். "சார், என்னைய டிஸ்மிஸ் பண்ணிருங்க சார். பொத்தான அறுங்க, போர்டுல போடுங்க. என்னைய வீட்டுக்கு மட்டும் அனுப்பிருங்க."

"உன் ஜோடி உனக்காகப் பரிஞ்சு பேசியிருக்கா" என்றார் கர்னல், நல்ல மனதோடுதான். "நன்றியோட இரும்மா."

இருபதாம் தேதி நான் அதிகாரியாகப் பொறுப்பேற்றேன். ஐந்து வருஷமாகப் பனிமலையில் எல்லைக் காவல். தூங்காத கேப்டன் என்று எனக்குப் பெயர். என் கம்பெனியில் நூற்றிருபது பேர், இதுவரை ஒருவரையும் நான் இழக்கவில்லை. என்னைப் பார்த்துப் படை மேலிடத்துக்கு ஆசை வந்துவிட்டது. இப்போது அகாடமியில் வாரம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை. விதி முப்பத்தொன்றில் மாட்டுகிறவர்கள் யாரையும் பேருந்து ஏற்றி அனுப்புவதில்லை. கோமதி படுத்திருக்கும் கூடத்தில் நாற்பது கட்டில்கள் இருக்கின்றன.

விடுப்பு கிடைக்கும்போதெல்லாம் போய்ப் பார்ப்பேன். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை விழித்திருப்பாள். சாப்பிடுவாள், தாழ்வாரத்தில் நடப்பாள், அம்மாவோடு போனில் பேசுவாள். பேசி முடித்ததும் போனைத் தறிக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லி, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

போன புதன்கிழமை ஐந்து வருஷம் முடிந்தது. படிவத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அதில் இரண்டே கட்டங்கள்: தேவை, தேவையில்லை. அவள் அம்மாவையும் வரச் சொல்லியிருந்தேன். மகளுக்கு ஒரு புதுச் சேலையும் செருப்பும் வாங்கி வைத்துக்கொண்டு முன்வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும் தாயி" என்றாள்.

கோமதி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். மணிக்கட்டு குச்சியாக இருந்தது.

"இன்னிக்குக் கையெழுத்துப் போட்டுர்றேன் கோமு. தேவையில்லைன்னு. சாயங்காலமே உங்கம்மா கூடப் போயிரலாம்."

"உன் மூளைக்கு டாக்டரம்மா என்ன சொன்னாவ?"

"இனித் தனியாத் தூக்கம் வராதாம். வேலையில இருந்து எடுத்துருவாங்க. போனாப் போகுது."

"ம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அன்னிக்கு நான் பேசாம இருந்திருக்கோணும். உன்னை விட்டுட்டு வர மனசில்லாமத்தான் கோமு..."

"ஏட்டி, எங்கிட்டயுமா இந்தக் கதையச் சொல்லுத?" அவள் குரலில் கோபம் இல்லை. "கர்னலு டிஸ்மிஸ்னு சொன்னப்ப நீ சும்மாத்தான நின்ன. உனக்கு உறக்கம் வராதுன்னு டாக்டரம்மா சொன்ன பொறவுதான் வாயத் தொறந்த. நான் பக்கத்துலதான நின்னேன்."

நான் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"அதுக்காவ உன்னைய வெறுக்கல. பயம் யாருக்குத்தான் இல்ல? ஆனா எனக்காவப் பேசுனேன்னு மட்டும் சொல்லாத. அதத்தான் அஞ்சு வருசமாத் தாங்க முடியல."

நாலு மணிக்கு நர்ஸ் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். படிவம் அலுவலகத்தில் சேரும்வரை மருந்தை நிறுத்தக் கூடாதாம், விதி. கோமதி மறுபேச்சில்லாமல் வாங்கி விழுங்கினாள்.

"முழிக்கும்போது எங்கம்ம பக்கத்துல இருப்பாள்லா?"

"இருப்பாங்க."

"சரிட்டி" என்று கண்ணை மூடினாள். இரண்டு நிமிஷத்தில் மூச்சு சீரானது.

அவள் ஓய்வு எனக்குள் இறங்கியது. அழுது வீங்கிய கண் குளிர்ந்தது, தலைபாரம் போயிற்று. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். திங்கட்கிழமை என் கம்பெனி மலையேறுகிறது, எந்தப் பாதை, எத்தனை பேர் முன்னால் என்று எல்லாம் தெளிவாக மனதில் வந்தது. கூடவே தூக்கம் வராமல் கோபிச்செட்டிபாளையம் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு நான் படுத்துக் கிடப்பதும் தெளிவாகத் தெரிந்தது. எத்தனை நாள் அப்படிக் கிடப்பது? மாதங்களா, வருஷங்களா?

படிவத்தை எடுத்து முழங்கால்மேல் வைத்து, தேவை என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டேன். முன்வாசலில் அவள் அம்மா இருந்ததால், சமையற்கட்டுப் பக்கமாகச் சுற்றிப் பின்வாசல் வழியாக வெளியே வந்தேன்.